ஐந்து க்ஷேமநிதிகளின் அங்கத்தினன்

அறுபது வயது ஆகும்போது எனக்கு ஐந்து பென்ஷன் வரும் என்று நம்பியிருந்தேன். ஒன்று அரிசிக்கு, ஒன்று மருந்துக்கு, ஒன்று கல்யாண வீடு சாவு வீடுகளுக்கு, ஒன்று சபைக் காணிக்கைக்கு. மிச்சமுள்ள ஒன்றை என்ன செய்வது என்று நானும் என் மனைவி சத்தியபாயும் ஒரு மழைக்காலம் முழுவதும் ஆலோசித்தோம். கடைசியில் அதை ஊழியத்துக்குக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்து, அதற்காக முழங்காலில் நின்று ஸ்தோத்திரமும் செலுத்திவிட்டோம். கையில் வராத பணத்தைக் கொடுப்பதில் நான் எப்போதுமே தாராளமானவன்.

மலையாளச் சீமையின் எல்லையோரம் எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு க்ஷேமநிதி உண்டு. தொழிலாளி மாதாமாதம் சந்தா கட்டினால், வயதான பிறகு அதிலிருந்து பென்ஷன் வரும். மற்றவர்கள் ஒரு தொழில் செய்து ஒரு சந்தாப் புத்தகம் வைத்திருப்பார்கள். நான் ஐந்து தொழில் செய்தவன், ஆகவே ஐந்து புத்தகம். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனின் வீட்டில் இத்தனை புத்தகங்கள் இருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

சத்தியபாய்க்குப் புத்தகம் ஒன்றுதான். முப்பது வருஷமாக அண்டி ஆபீசுக்குப் போய்வந்தவள். முந்திரி ஆலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அண்டித் தோட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவள் விரல்களில் தோல் உரிந்து கறுத்துப்போயிற்று. வேலையை நிறுத்தச் சொல்லி டாக்டர் இரண்டு தடவை சொன்னார். "இவருக்கு அஞ்சு பென்ஷன் வரப்போவுது டாக்டரே, அதுவரைக்கும் பொறுத்துக்கிடுதேன்" என்றாள். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ பெரிய உத்தியோகஸ்தன் என்று நினைத்திருக்கலாம். நானும் மறுக்கவில்லை.

எதற்காக ஐந்து தொழில் என்று கேட்பீர்கள். புத்தாண்டு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஒரு தட்டில் வாக்குத்தத்த அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அட்டையில் ஒரு வசனம் இருக்கும். மற்றவர்கள் அதை முகம் பார்க்கும் கண்ணாடியின் ஓரத்தில் செருகிவைத்து, வருஷம் முழுவதும் ஆறுதலாகப் படிப்பார்கள். நான் அதை வேலைக்கான உத்தரவாக எடுத்துக்கொண்டேன்.

முதல் தொழிலுக்கு மட்டும் அட்டையைக் குறை சொல்ல முடியாது. பத்தொன்பது வயதில் அம்பூரிக்கு ரப்பர் வெட்டப் போனேன். மேல்பட்டையைத்தான் சீவ வேண்டும், கத்தி உள்ளே மரத்தில் படக்கூடாது. என்னுடைய கத்தி பட்டது. தோட்டக்காரர் மரங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தார். "எலே ஈசாக்கே, நீ வெட்டின மரத்தைப் பாத்தா பாலு எடுத்தது மாதிரி இல்ல, பழி தீர்த்தது மாதிரியாக்கும் இருக்கு" என்றார். அதற்குள் நான் க்ஷேமநிதியில் சேர்ந்து இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகியிருந்தது. எந்த வேலையையும் கற்றுக்கொள்வதற்கு முன்பே அதன் க்ஷேமநிதியில் சேர்ந்துவிடுவது என் வழக்கம்.

அடுத்து வந்த அட்டை, துக்கத்தின் உடையைக் களைந்து மகிழ்ச்சியை உடுத்திக்கொள்வது பற்றியது. தையலுக்குப் போனேன். பாறசாலையில் ஒரு கடையில் பழகி, பிறகு சொந்தமாக மெஷின் போட்டேன். எங்கள் சபையின் பாடகர் குழுவுக்குப் பதினாலு அங்கிகள் தைக்கும் வேலையை நம்பி என்னிடம் தந்தார்கள். அளவெடுக்கப் போனபோது அவர்கள் பாட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். பாட்டைக் கெடுப்பானேன் என்று, அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதே ஒவ்வொருவருக்கும் தோளிலிருந்து கீழே டேப்பை விட்டு அளந்துகொண்டேன். கிறிஸ்துமஸ் காலையில், உட்கார்ந்திருந்தவரை அங்கிகள் அழகாகத்தான் இருந்தன. பாடுவதற்கு எழுந்தார்கள். அங்கிகள் பெஞ்சு மட்டத்திலேயே நின்றுவிட்டன. முழங்காலுக்கு மேலே நிற்கும் பதினாலு அங்கிகளைப் பார்த்து, போதகர் ஜெபத்தை வழக்கத்தைவிட நீட்டினார். கண்களை மூடிக்கொண்டிருக்க அவருக்கு வேறு வழி தெரிந்திருக்காது. தையல் புத்தகத்தில் நாலு வருஷம்.

பிறகு பாறையின்மேல் வீடு கட்டுவது பற்றிய அட்டை. கட்டட வேலைக்குக் கையாளாகப் போனேன். முதல் மாடிவரை எனக்கு விசுவாசம் இருந்தது. இரண்டாம் மாடிச் சாரத்தில் ஏறியபோது அது கீழேயே நின்றுவிட்டது. மூன்று வருஷம் தரையில் நின்று கம்பி வளைத்தேன்.

அதன் பிறகு, நம் போக்கையும் வரத்தையும் காக்கிறவரைப் பற்றிய அட்டை. உடனே ஆட்டோ வாங்கினேன். இதில் ஐந்து வருஷம் ஒரு மாதம் ஓடியது. ஒருநாள் புது டயர் போட்டுக்கொண்டு, குன்னத்துகால் இறக்கத்தில் வண்டியை நிறுத்தி, முன்னால் இறங்கி நின்று நன்றி ஜெபம் பண்ணினேன். ஹாண்ட் பிரேக் போடவில்லை. நான் ஆமென் சொல்வதற்குள் வண்டி புறப்பட்டுவிட்டது. கண்ணை மூடியிருந்ததால் வலது கால் உடைந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது.

அந்த வருஷத்து அட்டை பொறுமையாகக் காத்திருக்கச் சொன்னது. கால் உடைந்து கிடப்பவனுக்கு அதைச் சொல்ல அட்டை வேண்டாம். ஆறு மாதம் கழித்து, எந்த வசனத்தின் துணையும் இல்லாமல், இஞ்சிவிளைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் ஒரு நாற்காலி போட்டு லாட்டரிச் சீட்டு விற்க உட்கார்ந்தேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் லாட்டரி கிடையாது. ஆகவே அங்கிருந்து நடந்தும் பஸ்ஸிலும் வந்து இந்தப் பக்கம் வாங்குவார்கள். கூப்பிட வேண்டாம், புகழ வேண்டாம். என் வாழ்க்கையில் நன்றாக நடந்த ஒரே தொழில் அதுதான் என்று சொல்ல எனக்கு இப்போதும் நாக்கு கூசுகிறது. சூதாட்டத்துக்கு விரோதமாகப் போதகர் பிரசங்கம் பண்ணும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூணுக்குப் பின்னால் உட்காருவேன். அந்தக் காசிலிருந்து தசமபாகம் கொடுக்க மனம் வராமல், கோழிமுட்டை விற்ற காசில் கொடுத்தேன். ஆறு வருஷம் என் ஆத்துமாவைச் சுமந்தவை எங்கள் வீட்டுக் கோழிகள்தான்.

என்னிடம் தினமும் வாங்கியவர்களில் நெல்லையப்பன் என்று ஒரு கொத்தனார். திருநெல்வேலிக்காரர், களியக்காவிளையில் வாடகைக்குக் குடியிருந்தார். வேலை முடிந்ததும் சாந்து காயாத கையோடு வந்து பத்துச் சீட்டு கேட்பார். நான் ஒன்று கொடுத்து, "இதுக்கு விழுந்தா பத்துக்கும் விழுந்தது மாதிரியாக்கும், வீட்டுக்குப் போவும்" என்று அனுப்பப் பார்ப்பேன். சில நாள் கேட்பார், சில நாள் சண்டை போட்டு வாங்கிப் போவார். ஒருநாள் அவருடைய மனைவி பிச்சம்மாள் வந்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலை. "அண்ணாச்சி, வீட்டுல அரிசி இல்ல. நீங்க சாமி கும்பிடுத ஆளுன்னு சொன்னாங்க, அதான் வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரமே தொழிலை விட்டேன். பக்கத்தில் சீட்டு விற்றுவந்த கூட்டாளி விஜயதாஸ் என் நாற்காலியையும் பலகையையும் எடுத்துக்கொண்டான். நான் குன்னத்துகாலில் கொஞ்சம் நிலம் பாட்டக் குத்தகைக்கு எடுத்து மரச்சீனிக் கிழங்கு நட்டேன். பரிசுத்தவான் ஒருவன் லாட்டரியை விட்டுவிட்டான் என்று சபையில் நான் சாட்சி சொன்னேன். அந்தப் பரிசுத்தவான் நான்தான் என்பதை இரண்டு தடவை சொன்னேன், பின்வரிசைக்கும் கேட்கட்டும் என்று. மரச்சீனிக்கும் ஒரு க்ஷேமநிதியில் சேரப் போனபோது சத்தியபாய்தான் தடுத்தாள். "அஞ்சு போதும். ஆறாவதை யாருக்குக் கொடுக்க?"

போன ஜனவரியில் எனக்கு ஐம்பத்தாறு வயதும் இரண்டு மாதமும். பென்ஷனுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வைக்கலாமே என்று, ஐந்து புத்தகங்களையும் ஒரு கவரில் போட்டுத் தனுவச்சபுரத்துக்குப் போனேன். கல்லூரிப் பிள்ளைகள் விண்ணப்பம் போட நிற்கும் கம்ப்யூட்டர் கடையில் எங்கள் சபைப் பெண் லிஷா வேலை பார்க்கிறாள். அரசாங்கக் காகிதங்கள் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. புத்தகங்களை மேசையில் விரித்தேன்.

"மாமா, இது ஒக்க ஒரே ஆளுக்க புத்தகமா?"

"எனக்கதுதான் மக்களே."

"நான் அஞ்சு பேருக்குச் சேர்த்துக் கொண்டு வந்தியன்னு நெனச்சேன்." அவள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கம்ப்யூட்டரில் ஏதோ பார்த்தாள். பின்னால் நின்ற பிள்ளைகளிடம் "ஒரு மினிட்டு" என்று சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாமா, ஒவ்வொண்ணுலயும் அறுபதுக்குள்ள பத்து வருஷம் கட்டியிருக்கணும். அப்பதான் பென்ஷன். உங்களுக்கு எதுலயும் பத்து இல்ல."

"எல்லாத்தையும் கூட்டினா இருவது வருஷத்துக்கு மேல வருமே."

"கூட்ட முடியாது மாமா. அது வேற ஆபீஸ், இது வேற ஆபீஸ்."

"ஆபீஸ் வேற வேறயா இருக்கலாம். வேலை செஞ்சது ஒரே ஈசாக்குதானே மக்களே."

அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். பிறகு ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தாள். "இதுல ஆறு வருஷம் நாலு மாசம் இருக்கு. அபராதம் கட்டிப் புதுப்பிச்சா இன்னும் மூணு வருஷம் எட்டு மாசம் போதும். அறுபதுக்கு உங்களுக்கு மூணு வருஷம் பத்து மாசம் உண்டு. ஆனா சும்மா கட்ட முடியாது, அந்தத் தொழில் செய்யணும். ஆபீஸ்ல இருந்து பாக்க வருவாவ."

அவள் தனியாக எடுத்து வைத்தது லாட்டரிப் புத்தகம்.

வீட்டில் வந்து சொன்னேன். சத்தியபாய் கைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பம் அஞ்சுல நாலு போச்சு."

"போச்சு."

"ஒண்ணு உண்டுல்லா?"

"உண்டு. அது லாட்டரியாக்கும்."

நான்கு பென்ஷன் ஒரே பிற்பகலில் போன வீட்டில் அழுகை கேட்கும் என்று எதிர்பார்த்தேன். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "ஊழியத்துக்கு ஒண்ணு கொடுத்தோமே, அதுக்கு ஸ்தோத்திரம் கூடச் சொன்னோமே! இனி அதைத் திருப்பிக் கேக்கணும்." சிரித்து முடித்ததும் சொன்னாள்: "எனக்க கையைப் பாத்து நீங்க ஒண்ணும் முடிவெடுக்க வேண்டாம். சபையில எந்திரிச்சு நின்னு சாட்சி சொன்னவரு நீங்க. ஒங்க மனசுக்குப் பிடிச்சதைச் செய்யுங்க. நான் இன்னும் கொஞ்ச நாள் போவேன்."

அப்படிச் சொல்லிவிட்டு மறுநாள் காலை ஏழு மணிக்கு அண்டி ஆபீசுக்குப் புறப்பட்டாள். எண்ணெய் ஊறாமலிருக்க விரல்களில் துணி சுற்றியிருந்தாள். அவள் திட்டியிருந்தால் நான் என் பரிசுத்தத்தில் உறுதியாக நின்றிருப்பேன். வாரம் ஒன்று ஜெபித்தேன். பதில் வரவில்லை. வராததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு இஞ்சிவிளைக்குப் போனேன்.

விஜயதாஸ் தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டான். "ஓய் ஈசாக்கே! பாவத்தை விட்டுப் போன ஆளு திரும்பி வந்திட்டீரா? வாரும், வாரும். ஒம்ம கசேர இங்கதான் உண்டு, ஒரு காலு மட்டும் ஆடும், ஒம்மளப் போல."

"எனக்க பேருல கொஞ்சம் சீட்டு எடுத்துத் தா. மூணு வருஷம் எட்டு மாசம்."

"ஒரு தொழில்ல அவ்வளவு நாளா? ஒமக்கு உடம்புக்குச் சுகமில்லையா?"

உட்கார்ந்தேன். இரண்டு நாள் தலையைக் குனிந்தே விற்றேன். சபைக்காரர் யாராவது ரோட்டில் வந்தால் சீட்டுப் பலகைக்குப் பின்னால் குனிந்து செருப்பைத் தேடுவேன். மூன்றாம் நாள் அப்படிக் குனிந்து நிமிர்ந்தபோது முன்னால் ஒரு பெண் நின்றிருந்தார். பிச்சம்மாள். தலை நரைத்திருந்தது. இந்த அம்மாளுக்காகத்தானே நான் தொழிலையே விட்டேன்.

"அண்ணாச்சி, வந்துட்டீயளா?" என்றார். முகத்தில் கோபம் இல்லை. "எங்க போயிட்டீய இத்தனை நாளா?"

"நீங்க அன்னைக்கு வந்து சொன்ன பெறவு விட்டிட்டேன் அம்மா. ஒங்க வீட்டுக்காரருக்கு என் கையால கொடுக்கக் கூடாதுன்னு."

"அதுக்கா போனீய?" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க இருக்கையில ஒண்ணைக் கொடுத்து வெரட்டி விடுவீய. நீங்க போனதுக்கப்புறம் அவரு அங்கன ஒரு கடையில பத்து, இங்கன ஒரு கடையில பத்துன்னு வாங்குனாரு. யாரு தடுக்கா? நான் அவருக்குக் கொடுக்காதீங்கன்னுதான் சொல்ல வந்தேன். கடையைப் பூட்டிட்டுப் போவச் சொல்லலையே!"

விஜயதாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுடைய தோள்கள் குலுங்கின.

"இப்ப எப்படி?" என்று கேட்டேன்.

"இப்ப சம்பளத்தை நான் வாங்கிக்கிடுதேன். வெள்ளிக்கிழமை நானே வந்து ஒரு சீட்டு வாங்கிட்டுப் போயி கையில கொடுப்பேன். ஒண்ணு. அதுக்கு மேல கேட்டா சோறு கிடையாது." ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு பணத்தை என் கையில் வைத்தார். "இனிமே ஒங்ககிட்டயே வாங்குதேன். எங்கயும் போயிராதீய."

அவர் பஸ் ஏறிப் போனார். ஐந்து வருஷமாக நான் எதைப் பெரிய தியாகம் என்று நினைத்துக்கொண்டிருந்தேனோ, அதனால் ஒரு வீட்டில் பத்துச் சீட்டு இருபதாகியிருக்கிறது. சாட்சி சொன்ன அன்று கை தட்டியவர்களிடம் இதை எப்படித் திருப்பிச் சொல்வது?

சத்தியபாயிடம் அன்றே சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்பம் நீங்க அங்க இருந்து ஆளுகளைத் திருப்பி அனுப்புங்க. விக்கதை வித்துக்கிடலாம்" என்றாள். பிறகு, "நீங்க நிப்பியன்னா இந்த மாசத்தோட நான் ஆபீசை நிறுத்துவேன். நடுவுல விட்டிட்டுப் போனியன்னா எனக்குத் திரும்ப அங்க வேலை கிடைக்காது. அதை நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க" என்றாள்.

நிற்பேன் என்றேன். இதே பதிலை நான் ரப்பருக்கும், தையலுக்கும், கம்பிக்கும், ஆட்டோவுக்கும் சொல்லியிருக்கிறேன் என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் மாதக் கடைசியில் அவள் ஆபீசில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

போதகரிடமும் போய் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் இது சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை. காணிக்கைப் பை எடுப்பவர்களின் பட்டியலிலிருந்து என் பெயரை மட்டும் எடுத்துவிட்டார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பழைய தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாற்காலியில் திரும்ப உட்கார்ந்த வாரமே லிஷா மூலம் அபராதம் கட்டிப் புதுப்பிக்க விண்ணப்பம் போட்டிருந்தேன். ஏப்ரலில் க்ஷேமநிதி ஆபீசிலிருந்து பார்க்க வந்தார்கள். ஆனந்தலட்சுமி என்று ஓர் அம்மையார், நெய்யாற்றின்கரைக்காரர். ஸ்கூட்டரை ஓரத்தில் நிறுத்தி, குடை பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தள்ளி நின்றே பார்த்திருக்கிறார். எனக்குத் தெரியாது. நான் அப்போது ஒரு பெயிண்டரிடம், "ஒண்ணு போதும் மக்கா, மிச்சப் பைசாவுக்கு மீன் வாங்கிட்டு வீட்டுக்குப் போ" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் முறைத்துவிட்டுப் போனான்.

அம்மையார் கிட்டே வந்தார். மலையாளத்தில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். "ஈசாக்கு நீங்கதானே? நான் எத்தனையோ ஏஜண்டுகளைப் பார்த்திருக்கேன். வாங்க வந்தவனை விரட்டுற ஏஜண்டை இப்பதான் பாக்கேன். இப்படித்தான் தினமும் விப்பீங்களா?"

"சில நாளு இதைவிடக் குறைவா விப்பேன் மேடம்" என்றேன் பயத்தில்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார், சீட்டு எடுத்த ரசீதுகளைப் பார்த்தார். கூடவே நான் கொண்டுவந்திருந்த மற்ற நாலு புத்தகங்களையும் கேட்டு வாங்கிப் புரட்டினார். அவற்றை எதற்குக் கொண்டுபோனேன் என்று எனக்கே தெரியவில்லை. அனுபவத்தைக் காட்டலாம் என்ற எண்ணமாக இருக்கும். அவருடைய புருவம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் கொஞ்சம் மேலே ஏறியது.

"ரெண்டே காலு வருஷம். நாலு. மூணு. அஞ்சு." பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்த ஃபார்மில ஒரு கேள்வி இருக்கு. மெம்பர் இந்தத் தொழில்லயே தொடர்ந்து இருப்பாரா? நான் ஆமான்னு எழுதிட்டு நீங்க அடுத்த வருஷம் வேற எதுக்காவது போயிட்டா, கட்டினதும் போகும், என் கையெழுத்துக்கும் மதிப்பு இருக்காது. சொல்லுங்க. இருப்பீங்களா?"

அந்தக் கேள்விக்கு உடனே ஆமென் போட்டிருக்க வேண்டியவன் நான். முப்பத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக, இருப்பேன் என்று சொல்வதற்கு முன் யோசித்தேன். பொய் சொல்லப் பயமாக இருந்தது. நாலு புத்தகமும் சீட்டுப் பலகைமேல் திறந்து கிடந்தன.

மதியச் சோறு கொண்டுவந்த சத்தியபாய் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அண்டி ஆபீசை விட்டு ஏழு வாரம் ஆகியிருந்தது. விரல்களில் புதுத்தோல் வர ஆரம்பித்திருந்தது. துணி சுற்றாத கையால் தூக்குப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எழுதுங்க மேடம்" என்றாள். "இருப்பாரு. போவப் பாத்தா கசேரயோட பிடிச்சுக் கட்டிப்போட நான் இங்கயே உண்டு."

"நீங்க சொல்றது போதாது. அவரு சொல்லணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். விஜயதாஸும் வாங்க வந்த இரண்டு பேரும்கூடப் பார்த்தார்கள்.

"இருப்பேன் மேடம்" என்றேன்.

அம்மையார் பேனாவைத் திறந்து எழுதினார்.